டாய் ஹாலர் வாங்கும் முன் டிரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் டாய் ஹாலர் என்று அழைக்கப்படும் டிரெய்லர், பாதி வீடும் பாதி கராஜுமாக அமைந்த வண்டி. முன்பகுதியில் படுக்கையும் சமையலறையும் குளியலறையும் இருக்கும். பின்பகுதி, மணலிலும் பாலையிலும் ஓட்டும் வண்டிகளை ஏற்றிச் செல்வதற்கான வெற்றிடம். பின்சுவரே கீழே சாய்ந்து, வண்டி ஏறி இறங்கும் சாய்தளமாகிவிடும். தெற்குக் கலிபோர்னியாவில் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இவற்றை வரிசையாகப் பார்க்கலாம். பெரும்பாலானவை பிராலி ஊரைத் தாண்டி, 78-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கும் இம்பீரியல் மணல்மேடுகளுக்கு, அதாவது எல்லோரும் கிளாமிஸ் என்று சொல்லும் இடத்துக்குப் போகின்றன.

ரிவர்சைடு பகுதியில் வசிக்கும் நாங்களும் நண்பர்களோடு ஒட்டிக்கொண்டு அங்கே போய்வந்த பிறகு, சொந்தமாக ஒரு டாய் ஹாலர் வாங்குவது என்று தீர்மானித்தோம். நான், என் மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன்; நான்கு இருக்கைகள் கொண்ட சைடு-பை-சைடு, அதாவது காரைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மணலில் ஓட்டும் வண்டி ஒன்று; பிள்ளைகளுக்கு இரண்டு சிறிய டர்ட் பைக்குகள்; ஏற்கெனவே வீட்டில் நின்ற அரை டன் பிக்கப் டிரக் (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக் வகைகளின் பெயர்களே, சுமக்கும் எடை அல்ல). இவற்றுக்குப் பொருந்தும் டிரெய்லர் எது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை டிரெய்லர் விற்கும் வளாகத்தில் இல்லை, நம் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

விற்பனையாளர்கள் முதலில் கேட்பது, எத்தனை பேர் படுப்பீர்கள் என்று. இரண்டாவதாகக் கேட்பது, உங்கள் டிரக் எவ்வளவு இழுக்கும் என்று. இரண்டாவது கேள்வி பொறுப்பாகக் கேட்பதுபோல் ஒலித்தாலும், அதில் பாதிதான் பொறுப்பு. ஒரு டிரக் இழுக்கும் எடை வேறு, சுமக்கும் எடை வேறு. எங்கள் அரை டன் டிரக்கின் விளம்பரத் தாளில் இழுக்கும் திறன் 11,200 பவுண்டு என்று இருந்தது. இத்தகைய எண்கள் இன்று பெரும்பாலும் எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுவான சோதனை முறையின்படி வருகின்றன. 2011 மாடல் டண்ட்ரா டிரக்குக்கு டொயோட்டா முதலில் அதை ஏற்றுக்கொண்டது. மற்ற நிறுவனங்கள் பின்னர் வந்து சேர்ந்தன. அரிசோனாவின் புல்ஹெட் சிட்டியிலிருந்து மேலேறும் டேவிஸ் டேம் ஏற்றத்தை அளவுகோலாகக் கொண்ட, கடுமையான சோதனை அது; அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் டிரக்குக்குள் அமர்ந்திருப்பவர்கள் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே. பின்னிருக்கையில் பிள்ளைகளோ, பின்தட்டில் விறகோ, கருவிப்பெட்டியோ, ஐஸ்பெட்டியோ அந்தக் கணக்கில் இல்லை.

சுமக்கும் எடையைத்தான் பேலோடு என்கிறார்கள். மஞ்சள் நிறம் கலந்த அந்தக் கதவோர ஸ்டிக்கரில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த எண் மாடலுக்கு அல்ல, உங்கள் டிரக்குக்கு மட்டும் உரியது. தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை என்று கூடுதலாக எது வந்தாலும் அது இந்த எண்ணிலிருந்தே கழியும். எங்கள் டிரக்கில் அது 1,640 பவுண்டு. நாங்கள் நால்வரும் சேர்ந்து ஏறத்தாழ 505 பவுண்டு. பின்தட்டில் வழக்கமாக ஏறும் பொருள்கள் 150. வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் என்ற எடை பகிரும் இணைப்பு 100. கழித்தபின் மிஞ்சுவது 885 பவுண்டு. டிரெய்லரின் முன்மூக்கு ஹிட்ச்சின் மீது அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், இந்த 885-க்குள் அடங்கவேண்டும்.

பம்பருக்குப் பின்னால் இணைத்து இழுக்கும் டிரெய்லரில், அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்மூக்கில் அமரவேண்டும் என்பது பொதுவிதி. 13 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 885 பவுண்டுக்குப் பொருந்தும் டிரெய்லரின் மொத்த எடை 6,800 பவுண்டு அளவில் நின்றுவிடுகிறது. விளம்பரம் சொன்ன 11,200 எங்கே, இந்த 6,800 எங்கே? சிறிய டாய் ஹாலர் ஒன்று வெறுமையாகவே 5,500 பவுண்டு அளவில் இருக்கும்போது, அதில் தண்ணீரும் சமையல் சாமானும் நான்கு பைக்குகளும் ஏறினாலே கணக்கு முடிந்துவிடும். சைடு-பை-சைடு வண்டியைப் பற்றி யோசிக்கவே இடமில்லை. ஆகவே எங்கள் முன் இருந்தவை இரண்டே வழிகள்: விளையாட்டு வண்டியைச் சிறிதாக்குவது அல்லது டிரக்கைப் பெரிதாக்குவது. மகள் ஏற்கெனவே மணல்மேட்டைப் பார்த்துவிட்டாள் என்பதால் முதல் வழி வீட்டில் விவாதத்துக்கே வரவில்லை.

பெரிய டிரக் என்றதும் எல்லோரும் முக்கால் டன் டீசலைச் சொல்வார்கள். இழுவிசைக்கு அது சிறந்ததுதான். ஆனால் பேலோடு விஷயத்தில் அது ஏமாற்றக்கூடியது. முக்கால் டன் டிரக்குகள் பலவற்றின் மொத்த அனுமதி எடை, அதாவது வண்டியும் அதன்மேல் ஏறும் சுமையும் சேர்ந்த உச்ச வரம்பு, 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருக்கும். டீசல் எஞ்சினோ பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம். அந்தக் கனம் முழுவதும் சுமக்கும் திறனிலிருந்தே கழிவதால், அழகாக அலங்கரித்த முக்கால் டன் டீசல் டிரக்கின் பேலோடு சில சமயம் 2,000 பவுண்டை ஒட்டி, நல்ல அரை டன் டிரக் ஒன்றின் எண்ணுக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. அதே உடலமைப்பில் பெட்ரோல் எஞ்சின் கொண்டது 3,000 பவுண்டுக்கு மேல் சுமக்கும். விலை அதிகமானது திறனும் அதிகமாகக் கொண்டிருக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

பலவற்றையும் பார்த்தபின், பின்அச்சில் இரண்டே சக்கரங்கள் கொண்ட ஒரு டன் பெட்ரோல் டிரக்கைத் தேர்ந்தெடுத்தோம். மொத்த அனுமதி எடை 10,000 பவுண்டைத் தாண்டும் டிரக்குகளுக்கு மேற்சொன்ன ஸ்டிக்கர் சட்டப்படி கட்டாயமில்லை. அப்படிப்பட்ட டிரக்கை எரிபொருள் நிரப்பி எடைமேடையில் நிறுத்தி, வரும் எண்ணை அனுமதி எடையிலிருந்து நாமே கழித்துக்கொள்ளவேண்டும். லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். முன்அச்சு, பின்அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எடைகளையும் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். எங்களுக்கு 3,700 பவுண்டு மிஞ்சியது. இனி கட்டுப்படுத்துவது டிரக் அல்ல என்று தெரிந்தபிறகே டிரெய்லர் வளாகங்களுக்குள் மறுபடி நுழைந்தோம்.

அங்கே நுழைந்ததும் அடுத்த கட்டுப்பாடு கலிபோர்னியாவின் ஓட்டுநர் உரிமச் சட்டம். சாதாரண சி வகுப்பு உரிமம் வைத்திருப்பவர் 10,000 பவுண்டு வரை அனுமதி எடை கொண்ட டிரெய்லரை இழுக்கலாம். பம்பர் இணைப்பு டிரெய்லர் அதைத் தாண்டினால் வணிகமல்லாத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். டிரக்கின் பின்தட்டுக்குள் இணையும் ஃபிஃப்த் வீல் வகையாக இருந்தால், 15,000 பவுண்டு வரை ஒரு கூடுதல் ஒப்புதல் போதும். நீண்ட பயணத்தில் என் மனைவியும் நானும் மாறி மாறி ஓட்டுவது வழக்கம். இருவரும் தேர்வெழுதி உரிமம் மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. டிரெய்லர் நிறுவனங்களும் இந்தக் கோட்டை நன்றாக அறிந்தவை என்பது, 9,950, 9,995 என்று அனுமதி எடை அச்சிட்ட டிரெய்லர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே புரியும்.

அப்படிப்பட்ட டிரெய்லரில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை, அதன் கதவோரத்தில் இருக்கும் மஞ்சள் லேபிள் சொல்லும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எத்தனை பவுண்டு என்பதையும் அதே லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். தண்ணீரும் சரக்குதான் என்பதை வாங்குபவர்கள் எளிதில் மறந்துவிடுவதால் அது நல்ல ஏற்பாடு. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு; 80 கேலன் தொட்டி நிறைந்தால் 660 பவுண்டைத் தாண்டும். நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த டிரெய்லர் வெறுமையாக ஏறத்தாழ 6,900 பவுண்டு. சைடு-பை-சைடு எரிபொருளோடும் துணைக்கருவிகளோடும் 1,650. தண்ணீர் 660. வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்ப டிரெய்லரிலேயே இருக்கும் 30 கேலன் தொட்டி 180. இவற்றுக்கு மேல் மிஞ்சும் 600 பவுண்டில் பிள்ளைகளின் இரண்டு பைக்குகள் 320-ஐ எடுத்துக்கொண்டால், உணவு, துணி, பாத்திரம், பேட்டரி, கருவிகள் எல்லாவற்றுக்கும் 280 பவுண்டுதான். அதனால் பைக்குகள் டிரக்கின் பின்தட்டுக்குப் போயின. ஒரு டன் டிரக் வாங்கியதன் பயன் அப்போதுதான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது.

மொத்த எடையைவிட முக்கியமானது, எடை எங்கே அமர்கிறது என்பது. டாய் ஹாலரின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மற்ற டிரெய்லர்களில் இந்த அளவுக்கு இல்லை. டிரெய்லர் கிணற்று ஏற்றம் போன்றது: சக்கர அச்சு அதன் தாங்குபுள்ளி. அச்சுக்கு முன்னால் வைக்கும் எடை முன்மூக்கை அழுத்தும். பின்னால் வைக்கும் எடை முன்மூக்கைத் தூக்கும். கராஜ் பின்னால் இருப்பதால், விளையாட்டு வண்டி ஏறியதும் முன்மூக்கின் எடை குறையும். இதை எதிர்பார்த்து, வெறுமையாக இருக்கும்போது முன்மூக்கு அதிகக் கனமாக இருக்குமாறு வடிவமைக்கிறார்கள். விளம்பரத் தாளில் காணும் டங் வெயிட் அந்த வெறுமையான நிலைக்கு உரியது.

எங்கள் டிரெய்லரின் அளவுகளை ஒட்டி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெறுமையான டங் வெயிட் 1,200 பவுண்டு. அச்சிலிருந்து ஹிட்ச் 17 அடி முன்னால். சைடு-பை-சைடின் எடைமையம் அச்சுக்கு 5 அடி பின்னால். 1,650-ஐ 5-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 485 பவுண்டு முன்மூக்கிலிருந்து கழிந்து 715 ஆகிறது. தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 3 அடி முன்னால் இருந்தால், நிறைந்த தொட்டி 115 பவுண்டைத் திருப்பிக் கொடுக்கும். முன்னறையிலும் சமையலறையிலும் வைக்கும் 500 பவுண்டு சாமான் இன்னொரு 235 பவுண்டைச் சேர்க்கும். ஆக 1,065; மொத்த எடை 9,900 அளவில் இருக்க, விழுக்காடு 10.8. சற்றுக் குறைவுதான் என்றாலும் வரம்புக்குள் இருக்கிறது.

இப்போது அதே டிரெய்லர் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது. விறகும் உணவும் குறைந்து, முன்பக்கத்துச் சாமான் 300 பவுண்டாகிவிட்டது. சைடு-பை-சைடு மட்டும் அதே இடத்தில் அதே எடையோடு நிற்கிறது. முன்மூக்கில் 855 பவுண்டு, மொத்த எடை 9,000, விழுக்காடு 9.5. பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. போகும்போது கட்டுக்குள் இருந்த டிரெய்லர், திரும்பும்போது பின்பாரம் மிகுந்து வாலாட்டத் தொடங்கலாம். அதுவும் சான் கொர்கோனியோ கணவாயில், காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நிற்பதே காற்று அங்கே எப்போதும் வீசுவதால்தான் என்னும்படியான இடத்தில், பக்கவாட்டுக் காற்றில். பாலையிலிருந்து திரும்பும் வழியில் டிரெய்லர்கள் ஆடுவதைப் பற்றிக் கேட்கும்போது, ஓட்டுநரின் வேகத்தைத்தான் பெரும்பாலும் குறை சொல்கிறார்கள். தீர்ந்துபோன தண்ணீரைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை.

ஆகவே தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, கழிவுநீர்த் தொட்டிகள் அச்சுக்கு முன்னா பின்னா, எரிபொருள் தொட்டி எந்தப் பக்கம், விளையாட்டு வண்டியை எவ்வளவு முன்னால் தள்ளி நிறுத்தலாம் என்பவை எனக்கு அலமாரியின் நிறத்தைவிட முக்கியமாகின. டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். விற்பனையாளர் ஒருவர் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார், பரவாயில்லை. சைடு-பை-சைடை ஒரு அடி முன்னால் நிறுத்தினாலே 97 பவுண்டு முன்மூக்குக்குத் திரும்புகிறது என்பதால், வண்டியைக் கட்டி நிறுத்தும் டி வளையங்கள் தரையில் நெருக்கமாகவும் சட்டகத்தோடு நேரடியாகவும் பொருத்தப்பட்ட டிரெய்லரைத் தேடினோம். திரும்பும்போது முன்பக்கச் சேமிப்பறையில் ஏற்றிக்கொள்ளக்கூடிய கனமான பொருள்களைப் பின்னிருந்து முன்னுக்கு மாற்றுவதும் இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது.

கராஜின் நீளத்தை விளம்பரத் தாளிலிருந்து எடுக்கக்கூடாது. சாய்தளக் கதவை மூடிய நிலையில், அதன் உட்பக்கத்திலிருந்து சமையலறை அலமாரியின் அடிப்பகுதி வரை தரையோடு தரையாக அளக்கவேண்டும். இடுப்பு உயரத்தில் அளந்தால் இருக்கும் நீளம், சக்கரம் நிற்கும் உயரத்தில் இருக்காது. நான்கு இருக்கை போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி வகை 12 அடிக்குச் சற்று மேல் நீளமும் 64 அங்குல அகலமும் உடையது. கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3 மேக்ஸ் 13 அடியைத் தாண்டும், அதன் அகலமான வகைகள் 72 அங்குலம். ஒரு அடி வித்தியாசம் என்பது குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்குமா திறக்காதா என்பதைத் தீர்மானிக்கும். வண்டி ஏறிய நிலையில் கழிப்பறைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் போக முடிகிறதா என்று பார்ப்பது, பிள்ளைகளோடு பயணம் செய்பவர்களுக்கு முதல் பரிசோதனையாக இருக்கவேண்டும். எங்கள் சைடு-பை-சைடை விற்பனை வளாகத்துக்கே கொண்டுபோய் ஏற்றிப் பார்க்கக் கேட்டோம். மறுத்த இடத்தில் வாங்கவில்லை.

படுக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது இரண்டு. கராஜில் மின்மோட்டாரால் கூரைக்கு ஏறி இறங்கும் இரட்டைப் படுக்கைகள் இருக்கும். வண்டியை வெளியே இறக்கினால்தான் கீழ்ப்படுக்கை இறங்கும். நள்ளிரவில் காற்றில் போய்ச் சேர்ந்தாலும் வண்டியை இறக்கிய பிறகே தூங்க முடியும் என்று பொருள். முன்னறைப் படுக்கை எங்களுக்கு மட்டும் போதும் என்றாலும், ஊரிலிருந்து என் பெற்றோர் வந்து தங்கும் மாதங்களில் அவர்களும் உடன் வருவார்கள். முழங்கால் வலியுள்ள அம்மா மேல்படுக்கைக்கு ஏறமாட்டார். சுவரோடு ஒட்டிய படுக்கையில் ஒருவரைத் தாண்டி இறங்கவும் முடியாது. எனவே இரண்டு பக்கமும் நடக்க இடமுள்ள முன்படுக்கை, வாசலில் அகலமான உறுதியான படி, கைப்பிடி. இந்த மூன்றும் சேர்ந்தே பாதி மாடல்களை நீக்கிவிட்டன. அவர்கள் வரும்போது என் மனைவி காரில் பின்னால் வருவாள். அப்பாவுக்கு அதில்தான் பயணம் பிடித்திருக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும். அதனால் கராஜ் சுவரின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துவாரங்கள் இருக்கின்றனவா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கராஜுக்கும் வீட்டுக்கும் இடையில் தடுப்புச் சுவர் கொண்ட டிரெய்லர்கள் இதற்குச் சிறந்தவை. ஆனால் அவை பெரும்பாலும் நீளமான ஃபிஃப்த் வீல்கள், எங்கள் 10,000 பவுண்டுக் கோட்டுக்கு வெளியே நிற்பவை. தடுப்பில்லாததை எடுத்ததால் சில கட்டாயங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம்: வண்டி இறங்கியபின் பின்கதவும் சன்னல்களும் நன்றாகத் திறந்து கிடக்கவேண்டும், அதுவரை அடுப்போ ஹீட்டரோ எரியக்கூடாது, பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கூடுதலாக. ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பக்கத்து முகாம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்தபிறகே அதை ஓடவிடுவோம்.

சமையலறையில் நான் பார்த்தது கழிவுநீர்த் தொட்டியின் அளவை மட்டுமே. நம் சமையலில் பாத்திரம் கழுவும் தண்ணீர் அதிகம். நல்ல தண்ணீர் தீர்வதற்கு முன்பே கழிவுநீர்த் தொட்டி நிறைந்துவிட்டால், மணலில் கொட்ட அனுமதியில்லை என்பதால், முகாமையே முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

டயர்களை விற்பனையாளர் தானாகப் பேசமாட்டார். இந்த அளவு டிரெய்லர்களில் பெரும்பாலும் வரும் எஸ்டி225/75ஆர்15 டயர், டி சுமைவரிசையில் 2,540 பவுண்டும் ஈ சுமைவரிசையில் 2,830 பவுண்டும் தாங்கும். நான்கு டி டயர்கள் சேர்ந்து 10,160. அனுமதி எடைக்கும் அதற்கும் இடையில் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லை. பாலைவெயிலில் அதை நம்பி ஓட்ட எனக்கு மனமில்லை. ஈ வரிசைக்கு மாற்றித் தரும்படி விலைபேசும்போதே கேட்டோம், கொடுத்தார்கள். டிரெய்லர் இழுப்பவர்களுக்குக் கலிபோர்னியாவில் வேக வரம்பு மணிக்கு 55 மைல். அதைக் கடைப்பிடிப்பதால் டயர்களும் குளிர்ந்திருக்கின்றன, பின்னால் வருபவர்களின் ஒலிப்பான்களும் பழகிவிட்டன.

முதல் பயணத்துக்குப் புறப்படும்போதும் திரும்பும்போதும் கேட் ஸ்கேலில் நிறுத்தி எடை எடுத்தோம். திரும்பும் எடையில் முன்மூக்கு நான் கணக்கிட்டதற்கு அருகில்தான் இருந்தது. கருவிப்பெட்டியையும் ஒரு பேட்டரியையும் முன்பக்கச் சேமிப்பறைக்கு மாற்றியபின் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. மகன் இப்போது இரண்டாவது சைடு-பை-சைடு ஒன்று வேண்டும் என்கிறான். அது வந்தால் இந்த டிரெய்லர் போதாது. ஃபிஃப்த் வீலும் உரிமத்தில் கூடுதல் ஒப்புதலும் தேவைப்படும், 3,700 பவுண்டுக் கணக்கையும் முதலிலிருந்து போடவேண்டும். அவன் இன்னும் சில ஆண்டுகள் பைக்கே ஓட்டட்டும் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம்.